கூடை போகும் வழி

நெஸ்மா தரையில் மல்லாந்து படுத்துப் பூசணி விதை கொறிக்கிறாள். அது சஃபினாஸ் அம்மாளின் தையற்கூடம். தலைக்கு மேலே கல்யாண அங்கிகள் வெள்ளை வெளேரென்று தொங்குகின்றன. ஓர் அறையை நின்று பார்த்தால் போதாதாம், படுத்துப் பார்த்தால்தான் அது பேசுமாம். அலெக்சாந்திரியாவில் இவள் முதுகு படாத தரை குறைவு. பல் மருத்துவரிடம் போன இடத்திலும் இப்படித்தான் படுத்தாள். மயங்கி விழுந்துவிட்டாள் என்று நர்ஸ் ஓடிவந்து முகத்தில் தண்ணீர் தெளித்திருக்கிறாள்.

"தோலு ஒண்ணு என் துணியில ஒட்டட்டும், உன்னையும் சேத்துத் தச்சுப்புடுவேன்டி" என்கிறாள் சஃபினாஸ் அம்மாள். உடனே தோலெல்லாம் சட்டைப்பைக்குள் போகிறது. கட்டடக்கலைக் கல்லூரியில் இந்த அடக்கம் கிடையாது. அங்கே வரைபலகை முழுக்கத் தோல்தான். பேராசிரியை டாக்டர் நக்வான் அதைப் பார்த்து முகம் சுளிக்காத நாளில்லை.

ஒத்தே வராத இரண்டு தொழில்காரர்களுக்கு ஒரே கூரையின் கீழ் இரண்டு கூடங்கள் வடிவமைக்க வேண்டும். இருவருக்கும் பொதுவாக ஓர் இடமும் வேண்டும். அதுதான் நக்வான் கொடுத்த வேலை. மற்ற பிள்ளைகள் ஆட்களைக் கற்பனையில் பிடித்தார்கள். நெஸ்மா கர்மூஸ் சந்தில் பிடித்தாள். மாடியில் சஃபினாஸ் அம்மாள். எதிரே கீழே, சிலையும் கல்லறைக் கல்லும் செதுக்கும் மேஸ்திரி, உஸ்தா பய்யூமி. அவர் உளியைத் தொட்டால் சந்தே மாவு மில்லாகிவிடும். மேலே சன்னல்கள் படபடவென்று சாத்திக்கொள்ளும்.

ஆனால் மதியத் தொழுகை முடிந்ததும் சஃபினாஸ் அம்மாளின் சன்னல் மட்டும் திறக்கும். கயிற்றில் கூடை இறங்கும். அதற்குள் ஒரு குவளை டீ.

"குவளையக் கழுவி அனுப்பு உஸ்தா. நேத்து பாதிக் கல்லறையும் சேந்து வந்துச்சு."

"அது இல்லாம உங்க டீ தொண்டையில எறங்காதும்மா" என்று கீழேயிருந்து பதில் போகும்.

இதைப் பார்த்துவிட்டுத்தான் நெஸ்மா பென்சிலை எடுத்தாள். கீழே கல்லுக்கு, தூசியைக் கழுவிவிட வாட்டம் வைத்த தரை. மேலே துணிக்கு வடக்கு வெளிச்சம். அங்கி தடுக்காமலிருக்க நிலைப்படியே இல்லாத வாசல்கள். இரண்டுக்கும் நடுவே கனத்த தளம். இவருக்கு ஒரு தெரு வழி, அவளுக்கு மறு தெரு வழி. உள்ளே இணைக்கும் படி ஒன்றுகூடக் கிடையாது. தோழிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். போன வருஷம் இதே பாடத்தில் தேறாதவள் இவள். இந்த முறையும் கோட்டை விட்டால் படிப்பை நிறுத்திவிடுவதாக அப்பா சொல்லியிருக்கிறார்.

தேர்வு நாளன்று நக்வான் நெஸ்மாவின் அட்டை மாதிரியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மற்றவர்களெல்லாம் பொது இடமாக நாற்காலியும் செடித்தொட்டியுமாகப் பெரிய பெரிய கூடங்கள் வைத்திருந்தார்கள். அவருடைய பேனா மதிப்பெண் கட்டத்தின் மேல் நின்றது.

"ரெண்டு பேரும் எங்கம்மா சந்திச்சுக்குவாங்க?"

"சந்திக்க மாட்டாங்க டாக்டர். அவரு மேலெல்லாம் தூசி, மாடி ஏற மாட்டாரு. அந்தம்மாவுக்கு முட்டி வலி, கீழ எறங்க முடியாது. ஆனா டீ ஒருநாளும் நின்னதில்ல" என்று சொல்லி, நெஸ்மா தளத்தில் விட்டிருந்த சின்னத் திறப்பைக் காட்டினாள். அதன் விளிம்பில் நூல் கட்டிய ஒரு குட்டிக் கூடை இருந்தது. தைக்கும்போது சஃபினாஸ் அம்மாள் விரலில் மாட்டும் இரும்புத் தொப்பிதான் அது.

பொது இடத்தின் பரப்பளவு என்ன என்று நக்வான் கேட்டார். ஒரு கூடை அகலம் என்றாள்.

நக்வான் பேனாவை மூடினார். குனிந்து, மேசை விளிம்பில் மோவாயை வைத்து, கீழ்க்கூடத்தில் நெஸ்மா வைத்திருந்த அட்டைப் பய்யூமி நின்ற உயரத்திலிருந்து அண்ணாந்து பார்த்தார். பார்த்தபடியே நெஸ்மாவின் சட்டைப்பைப் பக்கம் கையை நீட்டினார்.

"அந்தப் பூசணி விதையில ஒண்ணு குடு."

வாங்கிய விதையை அவரே தொப்பிக்குள் போட்டார். நெஸ்மா நூலைப் பிடித்து, டீ சிந்திவிடக் கூடாதே என்பதுபோல, மெல்ல மெல்லக் கீழே இறக்கினாள்.