செல்லூரில் நாலு ரெனே

அப்போதெல்லாம் எங்கள் தெருவில் யாராவது ‘ரெனே’ என்று கூப்பிட்டால் நான் வாசலில் நிற்கமாட்டேன், உள்ளே போய்விடுவேன். கூப்பிடுகிறவள் சிரித்துக்கொண்டுதான் கூப்பிடுவாள், ஓடி வருகிற பிள்ளையும் சிரித்துக்கொண்டுதான் வரும். ஆனால் அந்தப் பெயர் உள்ள வீட்டுச் சுவரில், மாலை போட்ட ஒரு சின்னப் பிள்ளையின் போட்டோ தொங்கும். செல்லூருக்கே அது தெரியும்.

இதை ஆரம்பித்து வைத்த புண்ணியவதி என் எதிர்வீட்டு சுந்தரவல்லி. சௌராஷ்டிரா வீட்டுப் பெண். புருஷன் துளசிராம் விசைத்தறி ஓட்டுகிறவர். அவர்களுடைய மூத்தவள் பிருந்தா நாலு வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். தொண்ணூற்றொன்றில் நடந்தது. அதற்குப் பிறகு சுந்தரவல்லி வாய் திறந்து பேசவே ரொம்ப நாளாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் அவர்கள் மாடிக்கு ஒரு பிரெஞ்சு அம்மா குடிவந்தார். நெசவு பற்றி ஆராய்ச்சி செய்யப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். தலை முழுக்க நரை. பாண்டிச்சேரியில் இருந்து பழகியதால் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவார். அவர் பேர்தான் ரெனே. லத்தீனிலிருந்து வந்த பேர், மறுபடி பிறந்தவள் என்று அர்த்தம் என்றார். தனக்கு முன்னால் ஒரு அக்கா பிறந்து இறந்துபோனதால் வைத்தார்களாம். அவர் சின்னப்பிள்ளையாக இருந்த காலத்தில் வகுப்புக்கு மூன்று ரெனே இருப்பார்களாம். இப்போது அங்கே யாரும் வைப்பதில்லை, கிழவிகள் பேராகிவிட்டது என்று சொல்லிச் சிரித்தார். சுந்தரவல்லி சிரிக்கவில்லை. அவள் அப்போது முழுகாமல் இருந்தாள்.

பெண் பிறந்தது. நட்சத்திரத்துக்கு வந்த எழுத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ரெனே என்று வைத்தாள். பேரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பிருந்தாவின் கவுனை எடுத்து மாட்டினாள். பிருந்தாவுக்குப் பிடித்ததையே ஊட்டினாள்.

“ஏண்டி, செத்த பிள்ளைய உசுரோட இருக்கிறது தலைல ஏத்துற?” என்று திட்டினேன்.

“என் பிருந்தாதான்க்கா திரும்பி வந்துருக்கா” என்றாள். எனக்குப் பயமாக இருந்தது.

அப்புறம் பேர் பரவியது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, அந்தப் பேரை நாங்களும் வைக்கலாமா என்று கேட்டார்கள். இவள் வாய் நிறைய ஆசீர்வாதம் பண்ணி அனுப்புவாள். நாலைந்து வருஷத்தில் எங்கள் பக்கமே நாலு ரெனே. தேனிப் பக்கத்திலிருந்துகூட வந்து கேட்டுப்போனார்கள். பிரெஞ்சு தேசத்தில் செத்துப்போன பேர், செல்லூரில் சக்கைப்போடு போட்டது.

இரண்டாயிரத்து ஒன்றில் சோலையம்மாள் வந்தாள். நாகமலை புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக்காரி, விவசாயக் குடும்பம். வயிற்றில் அஞ்சு மாதம். கையில் ஐந்து வயதுப் பெண்ணைப் பிடித்திருந்தாள். வாசல்படி ஏறியதற்கே அந்தப் பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. நானும் அங்கேதான் இருந்தேன்.

“பொறக்கப் போறதுக்கு அந்தப் பேரு வேணும்க்கா” என்றாள்.

சுந்தரவல்லி வழக்கம்போல, “போனது எந்தப் பிள்ளைம்மா?” என்று கேட்டாள்.

சோலையம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். கண் மட்டும் பக்கத்தில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த பிள்ளை மேல் போய்வந்தது.

“அடிப் பாவி, உசுரோட இருக்கே!” என்று கத்தினேன்.

அவள் அழுதாள். பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டையாம். அடுத்த மாசம் ஆபரேசன் பண்ணிவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாமியார்தான் விடவில்லை. “நெஞ்ச அறுத்துப்புட்டா முழுசாத் திரும்பி வராதாம். இப்படியே விட்டா, இதே சுபலட்சுமி என் வயித்துலயே ஓட்டை இல்லாம வந்துருவான்னு அத்தை சொல்றாக. அதான் பேர மட்டும் இப்பவே கேட்டு வச்சுக்கலாம்னு வந்தேன்.”

சுந்தரவல்லியின் முகம் செத்துப்போயிற்று. தான் ஊருக்கெல்லாம் என்ன கொடுத்துக்கொண்டிருந்தோம் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. நல்ல வார்த்தை சொன்னால் சோலையம்மாள் கேட்கமாட்டாள், மாமியார் பேச்சுதான் ஜெயிக்கும் என்றும் தெரிந்திருக்கவேண்டும்.

“அந்தப் பேரு வேண்டாம் தாயி” என்றாள். “கம்பத்துல ஒண்ணு, போடியில ஒண்ணு, பேரு வச்ச பிள்ளைக ரெண்டும் போயிருச்சு. திரும்பி வந்ததுக எதுவும் தங்காது. உனக்குன்னு இருக்கிறது இவ ஒருத்திதான். கூட்டிட்டு ஓடு.”

அத்தனையும் பொய். அந்தப் பிள்ளைகள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் சோலையம்மாள் நம்பினாள். பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

நான் திரும்பினால், கதவோரம் யூனிபார்மோடு ரெனே நிற்கிறாள். எட்டு வயது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

“அம்மா, அப்ப நானும் போயிருவனா?”

சுந்தரவல்லி அவள் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பொய் என்று சொன்னால் பிள்ளை தெருவில் சொல்லும். தெருவில் சொன்னது நாகமலை புதுக்கோட்டைக்குப் போக எவ்வளவு நேரமாகும்? ஆபரேசன் முடிகிறவரை அவள் மூச்சுவிடவில்லை. என்னையும் விடவிடவில்லை.

அதற்குள், சோலையம்மாள் போகிற வழியில் அழுதுகொண்டே சொன்னதை வைத்துத் தெரு அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டது. மற்ற மூன்று வீட்டிலும் கோயிலுக்குக் கூட்டிப்போய்ப் பேரை மாற்றினார்கள். இந்த ரெனேயோடு பிள்ளைகளை விளையாட விடவில்லை. அவளுக்கு ஒரு தும்மல் வந்தால் எதிர்ச்சாரியில் கதவு சாத்தினார்கள். அவள் ரசமும் சோறும் வைத்துக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. சுந்தரவல்லி மேல் வந்த ஆத்திரத்தில் அவளிடம் பேசுவதையே நிறுத்தினேன்.

சோலையம்மாளின் தம்பி வந்து, பிள்ளை பிழைத்துவிட்டது, வார்டில் இட்லி சாப்பிடுகிறது என்று சொன்னான். அவன் தெருமுனை தாண்டியதுதான் தாமதம், சுந்தரவல்லி மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

“அன்னிக்கு அம்மா சொன்னது பொய்டி. யாரும் சாகல. அந்தப் பிள்ளையக் காப்பாத்தத்தான் சொன்னேன். உனக்கு ஒண்ணும் ஆகாது.”

ரெனே அழவில்லை. அம்மாவின் முந்தானையை எடுத்து அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

“எனக்குத் தெரியும்மா” என்றாள். “நான் பயப்படக் கூடாதுன்னு இப்பப் பொய் சொல்ற.”