நுரை வராத ஷாம்பூ

அந்த ஹோட்டலின் மூன்றாவது மாடி அறைகளைச் சுத்தம் செய்பவரை எல்லோரும் சின்னக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினான்கு வருட வேலை. ஒரு நாளைக்குப் பதினாறு அறைகள். படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

ஒரு நாள் காலை, 308-ஆம் அறையில் தங்கியிருந்த ஓய்வுபெற்ற டீச்சர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார்.

“ஏம்மா, இது என்ன ஷாம்பூ? எவ்வளவு தேய்ச்சாலும் நுரையே வரமாட்டேங்குது!”

சின்னக்கா உள்ளே போய்ப் பார்த்தார். டீச்சர் தேய்த்திருந்தது லோஷன். குளியலறையிலிருந்த மூன்று பாட்டில்களும் ஒரே உயரம், ஒரே வெள்ளை. பெயர் மட்டும் பொடி எழுத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி.

“கண்ணாடி போட்டுப் பாத்திருக்கலாமே, டீச்சர்?”

“குளிக்கும்போது யாரும்மா கண்ணாடி போட்டுக்குவாங்க?”

இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் சிரித்து ஓய்ந்த பிறகும் அந்தக் கேள்வி சின்னக்காவை விடவில்லை. மறுநாள் வீட்டிலிருந்து ஒரு பிடி ரப்பர் பேண்டு கொண்டுவந்தார். பாட்டில் கழுத்துகளில் மாட்டினார்: ஷாம்பூவுக்கு ஒன்று, திரவ சோப்புக்கு இரண்டு, லோஷனுக்கு எதுவுமில்லை. எது எது என்று பெரிய எழுத்தில் எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டினார்.

மூன்றாம் நாள் சூப்பர்வைசர் பார்த்துவிட்டார்.

“இது ஹோட்டலா, காய்கறிக் கடையா? யாரைக் கேட்டு மாட்டினீங்க? எல்லாத்தையும் கழட்டுங்க!”

கழற்றினார். அன்று முழுக்க வேலைக்கே வேட்டு வைத்துக்கொண்டோமோ என்று பயம்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் அவரைத் தேடிவந்தார். முகத்தில் அசடு வழிந்தது.

“நேத்து ஒரு காலி ரூம்ல கண்ணை மூடிக்கிட்டு ஷாம்பூவைத் தேடிப் பாத்தேங்க. மூணு தடவையும் வேற பாட்டிலைத்தான் எடுத்தேன். வாங்க, மேடத்தைப் பாப்போம்.”

மேனேஜரம்மா, மறுபடி ரப்பர் பேண்டு மாட்டிக் கொண்டுபோன பாட்டில்களைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். “இது யார் யோசனை?”

 சூப்பர்வைசர் முந்திக்கொண்டார். “இவங்களோடது, மேடம். கழட்டச் சொன்ன புத்திசாலி நான்.”

நான்கு மாதத்தில், கழுத்தில் மேடான வளையங்கள் வைத்த பாட்டில்கள் எல்லா அறைகளுக்கும் வந்தன. மேனேஜரம்மா இன்னொன்றும் செய்தார். புதன்கிழமைகளில் ஒரு அறையை யாருக்கும் கொடுக்காமல் ஊழியர்களுக்கென்று ஒதுக்கினார்.

“என்ன தோணுதோ இங்க செஞ்சு பாருங்க. தப்பாப் போனா யாரும் திட்டக்கூடாது.”

குழாய் ரிப்பேர்காரர் காலால் மிதித்துத் திறக்கும் குழாய் ஒன்றைப் பொருத்தினார்; தண்ணீர் வராந்தாவரை ஓடியது. யாரும் திட்டவில்லை, எல்லோரும் சேர்ந்து துடைத்தார்கள். சலவைப் பகுதிப் பெண் தலையணை உறைகளின் திறந்த பக்கத்தில் சிவப்பு நூல் தைத்தாள். உறை மாட்டும் வேலை பாதியாகக் குறைந்தது.

“சூப்பர்வைசர் அதைத் தன்னோட யோசனைன்னு சொல்லியிருந்தா நான் மறுத்துப் பேசியிருப்பேனா?” என்று சின்னக்கா ஒரு நாள் தன் கணவரிடம் சொன்னார்.

“அப்ப, ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடு.”

ஞாயிற்றுக்கிழமை சூப்பர்வைசர் மனைவியோடு வந்தார். சின்னக்காவுக்கு நன்றி என்ற வார்த்தை நாக்கில் வரவில்லை. கணவர்தான் சொன்னார்: “அன்னைக்கு நீங்க சொன்ன அந்த ஒரு வார்த்தையிலருந்து இவ வேலைக்குக் கிளம்புற நடையே வேறங்க.”

சூப்பர்வைசர் தலைகுனிந்து கூச்சத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சின்னக்கா கேட்காமலேயே அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார்.