குற்றாலத்துக் குரங்குக்குப் போன மக்ரூன்

இது இப்படித்தான் நடக்கும் என்று நேற்றே சொன்னவன் நான்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் அயர்லாந்து டீச்சரை இன்று குற்றாலம் கூட்டிப்போனேன். தூத்துக்குடிக்காரன் மக்ரூன் இல்லாமல் வெளியூர் போவானா? பாக்கெட்டை அவர் பையிலேயே வைத்தேன். பாஸ்போர்ட்டும் அதில்தான் இருந்தது. நாளை அவருக்கு விமானம்.

காரை விட்டு இறங்கியதுமே ஒரு தடிக்குரங்கு பையைப் பிடுங்கிக்கொண்டு மரமேறிவிட்டது. டீச்சர் அழாத குறை.

நான் மரத்தடியில் போய் நின்று, "ஏலே, மக்ரூன நீயே தின்னு. பைய இங்கன போடுலே" என்றேன். பாக்கெட்டை எடுத்துக்கொண்டு பையைப் போட்டுவிட்டது.

டீக்கடைக்காரர் அசந்துபோய், "அண்ணாச்சி சொன்னா குரங்கும் கேக்குதே" என்றார்.

ஒரே ஒரு திருத்தம். அப்படி அதட்டியது டீச்சர். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள் இருந்தேன். ஆனால் அவருக்கு 'ஏலே' சொல்லிக்கொடுத்தது யார்? நீங்களே சொல்லுங்கள்.