பட்டறையில் கழித்த கல்

என் வீட்டுக்காரர் பொய் சொன்னார். எங்கள் மகளின் கல்யாணப் பந்தியில், இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சொந்தபந்தம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இவளை ஒரு வேலையும் செய்ய உடாம உக்கார வெச்சேனுங்க. அதான் தேறிப்போட்டா."

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு மாதவிலக்கு நின்றது. திடீரென்று கழுத்தில் அனல் ஏறும், ஜாக்கெட் நனையும். தூக்கம் போயிற்று. மூட்டெல்லாம் வலி. டாக்டர் என் வியாதியை அவரிடம் சொன்னார்: "ரெஸ்ட் குடுங்க. கனம் தூக்க வேண்டாம்."

கணபதிப் பகுதியில் எங்கள் வீட்டை ஒட்டித்தான் அவருடைய மாவு கிரைண்டர் செய்யும் பட்டறை. அன்றிலிருந்து எங்கள் வீட்டு கிரைண்டர் குழவியைத் தூக்கிக் கழுவக்கூட பட்டறை ஆள் வந்தார். நான்கு மாதம் மகாராணியாக உட்கார்ந்தேன். கடைசியில் மகாராணிக்குப் பாயிலிருந்து எழச் சுவர் வேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டு டிரில் டீச்சர்தான் கேட்டாள். "உக்காந்தே இருந்தா சதை கரையாம என்னங்கக்கா பண்ணும்? கனம் தூக்கிப் பழகுங்க."

"ஜிம்முல பசங்க பனியனோட நிக்கறாங்க. நான் சேலையோட போய் நிக்கட்டுமா?"

"பட்டறைல கல்லு மலையாக் கெடக்குது. ஜிம் எதுக்குங்க?"

மூளி விழுந்து கழித்த குழவிகள் பின்பக்கம் கிடந்தன. முதலில் சின்னது. முதுகு வளையாமல், முழங்காலை மடக்கி எடுத்து, நெஞ்சுவரை தூக்கி, மெதுவாக இறக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள், ஆட்கள் சாப்பிடப் போகும் நேரத்தில்.

ஒரு நாள் அவர் பார்த்துவிட்டார். "ஏனம்மணி, ஆளுக பாத்தா என்ன நெனைப்பாங்க?"

"பட்டறைக்குப் புதுசா ஆள் சேத்திருக்கீங்கன்னு நெனைப்பாங்க."

மறுநாள் அவரே அந்த இடத்தை மறைத்துச் சாக்குப்படுதா கட்டினார். வலி குறையட்டும் என்றல்ல, வெளியே தெரியக்கூடாது என்று.

அனல் முழுதாக நிற்கவில்லை. ஆனால் குறைந்தது. தூக்கம் வந்தது. ஆறு மாதத்தில் பெரிய குழவியைத் தூக்கினேன், சுவரை விட்டேன்.

பந்தியில் அவர் சொன்னதை அப்படியே நம்பியது என் நாத்தனார். அவளுக்கும் அதே அனல், அதே வலி. அண்ணன் சொன்னால் சரி என்று சூலூரில் அவளை உட்கார வைத்துவிட்டார்கள். இரண்டு வருடம் ஆயிற்று. இன்று அவளை எழுப்ப இரண்டு பேர் வேண்டும். நான் கல் தூக்கித் தேறியதைச் சொன்னால், "அண்ணன் அப்படிச் சொல்லலியே" என்கிறாள்.

அடுத்த மாதம் அவள் பேரனுக்குக் காதுகுத்து. அதே சொந்தம், அதே பந்தி. படுதா கட்டியவர் அங்கே எழுந்து நின்று, தங்கை முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்: நான் தேறியது உட்கார்ந்தா, தூக்கியா?