கை நுழையாத இடம்

கீசருக்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடம்தான். அப்படி ஒட்டி மாட்டச் சொன்னது நான். கீசரின் தொட்டி துருப்பிடிக்காமல் காக்க உள்ளே ஒரு ராடு இருக்கும். எங்கள் தஞ்சாவூர் வீட்டு போர் தண்ணீர் அதை இரண்டே வருடத்தில் தின்றுவிடும். அதை மாற்ற அந்த இடுக்கில்தான் கையை விட வேண்டும்.

போன தடவை பிளம்பரின் கை உள்ளே போகவில்லை. டைல்ஸ் உடையும் என்று கீசரை இறக்க நான் விடவில்லை. என் மனைவிதான் கையை விட்டுப் புது ராடை முடுக்கினாள்.

"வளையலக் கழட்டிட்டு விடேன்டி" என்று கத்தினேன்.

"வெறுங்கையா இருக்க மாட்டேன்" என்றாள்.

கண்ணாடி வளையல் ஒன்று உள்ளே உடைந்து விழுந்தது. அதற்கும் திட்டினேன்.

ராடு மாற்ற நேற்று அதே பிளம்பர் வந்தார். இடுக்கை எட்டிப் பார்த்தார்.

"அம்மாவக் கூப்புடுங்க சார், அவங்க கைதான் போவும்."

"அவ போயி எட்டு மாசம் ஆவுது. டைல்ஸ் உடைஞ்சா உடையட்டும், இறக்குங்க."

இறக்கினார். ஒரு டைல்ஸும் உடையவில்லை. பழைய ராடில் கம்பி மட்டுமே மிச்சம். கீசரைத் தாங்கியிருந்த சட்டத்தில் உப்புப் படிந்த பச்சை வளையல் துண்டு ஒன்று கிடந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டேன்.

கீசரைத் தள்ளி மாட்டிவிட்டு அவர் சொன்னார்:

"இனிமே யாரு கை வேணும்னாலும் போவும் சார்."