இடது கை மட்டும்

ஆயத்த ஆடை ஆலையின் இஸ்திரிப் பிரிவில் அவளை எல்லோரும் வெண்கலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குரல் அப்படி. "ஒண்ணு, ரெண்டு" என்றால் வாசல் காவல்காரருக்கும் கேட்கும். இஸ்திரிப் பெட்டி தள்ளும் தோள் இறுகாமல் இருக்க, தொழிலாளர் நலன் என்று சொல்லி நிர்வாகம் காலையில் பத்து நிமிட உடற்பயிற்சியைக் கொண்டுவந்தபோது, முன்னால் நிற்க வேறு ஆள் தேடவில்லை.

பயிற்சிக்காரர் இரண்டே நாள் வந்தார், கற்றுக்கொடுத்தார், கையைக் கழுவிக்கொண்டார். அப்புறம் எல்லாம் அவள்தான். வரிசைக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நிற்பாள். அவள் எந்தக் கையைத் தூக்குகிறாளோ அதையே பின்னால் இருபது பேரும் தூக்குவார்கள். மேலாளர் ஓரமாக நின்று குறிப்பேட்டில் வருகையைக் குறிப்பார்.

நாலு மாதத்துக்கு முன் அவளுடைய வலது தோள் பூட்டிக்கொண்டது. பதினோரு வருடம் இஸ்திரிப் பெட்டியைத் தள்ளிய தோள். மேசை மட்டத்தில் தள்ள வரும், காதுக்கு மேல் தூக்க வராது. சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். போன வருடம் பக்கத்து மேசைக்காரியை அப்படித்தான் அனுப்பினார்கள். வெண்கலக்காவின் கணவர் படுக்கையில் கிடக்கிறார், இவள் சம்பளம் ஒன்றில்தான் அடுப்பு எரிகிறது. வாயைத் திறக்கவில்லை. வலது கைக்கான முறை வரும்போதும் இடதையே தூக்கினாள். கேட்டால் புது முறை என்று சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள். யாரும் கேட்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் நிற்கிறவர்களுக்கு எந்தக் கையானால் என்ன!

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில், கடைசி மேசையில் வேலை பார்க்கும் அவளுடைய ஓரகத்தி கூந்தல் அவிழ்ந்து கிடக்க வந்தாள்.

"அக்கா, கொஞ்சம் முடிஞ்சு விடுங்களேன். வலது கை பின்னால போக மாட்டேங்குது."

"எத்தனை நாளா?"

"ஒரு மாசம் இருக்கும். தினம் உங்களைப் பார்த்து ஒழுங்காத்தான் செய்யறேன், அப்பவும் பாருங்க."

வெண்கலக்கா சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அவள் கூந்தலை முடிந்துவிட்டாள். பழியை நிர்வாகத்தின் மேல் போட்டுப் பார்த்தாள், பயிற்சிக்காரர் மேல் போட்டுப் பார்த்தாள். ஒட்டவில்லை. என் வயிற்றுக்காக இவள் தோளைக் கெடுத்துவிட்டேனே என்று பட்டது.

மறுநாள் காலை வரிசையைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"எல்லாரும் வலது கையைத் தூக்குங்க. என்னைப் பார்க்காதீங்க. எனக்கு வராது. நாலு மாசமா வராது."

கைகள் மெல்ல எழுந்தன. ஏழு கைகள் தோள் மட்டத்திலேயே நின்றுவிட்டன. மேலாளரும் குறிப்பேட்டைத் திறந்து அவற்றை எண்ணிக்கொண்டிருந்தார். அந்த ஏழு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"போதும், இறக்குங்க" என்றாள். குரல் எழும்பவில்லை.

ஒருத்தியும் இறக்கவில்லை.

"நீங்க ஒண்ணு, ரெண்டு எண்ணுங்கக்கா" என்றாள் ஓரகத்தி, பாதியில் நின்ற கையோடு.