தானாகப் போன கரண்டு பில்

பாகூரிலிருந்து பாண்டிக்குப் போகும் பேருந்தில் ஏறினால், என் கண்கள் இன்னும் அந்த அம்மாளைத் தேடுகின்றன. பருத்த உடம்பு, நெற்றி நிறையக் குங்குமம், மடியில் காய்கறிப் பை. அன்று பக்கத்தில் உட்கார்ந்ததும் போனை எடுத்துத் தம் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "சாப்ட்டியா?" என்ற ஒரே கேள்வி. பதில் வந்ததும் வைத்துவிட்டார்.

அப்போது என் போனுக்கு, வீட்டுக் கரண்டு பில் கட்டியாகிவிட்டது என்று செய்தி வந்தது.

"பெங்களூர்ல இருக்கிற பையன் கட்டிட்டான்மா. இந்த வாரம் பேசல. ஆனா இது வந்தா நல்லா இருக்கான்னு அர்த்தம்" என்றேன்.

அவர் என் போனை எட்டிப் பார்த்தார். "அது ஆட்டோ பே சார். ஒருவாட்டி போட்டுட்டா பேங்க்கே மாசாமாசம் கட்டிடும். அவன் படுத்துனு இருந்தாலும் கட்டும். நானும் என் பொண்ணு கட்டுறான்னு நெனச்சு ஏமாந்துனு இருந்தேன். இன்னா பாக்குற? போனப் போடு!"

போட்டேன். அறைத் தோழன் எடுத்தான். மகனுக்கு டெங்கு, ஆஸ்பத்திரியில் இருக்கிறான், என்னிடம் சொல்ல வேண்டாம் என்றானாம்.

தவளக்குப்பத்தில் இறங்க வேண்டிய அந்த அம்மாள் இறங்கவில்லை. பாண்டி வரைக்கும் வந்து, என்னைப் பெங்களூர் பேருந்தில் ஏற்றிவிட்டு, "புள்ள எழுந்துக்குவான் சார்" என்றார். பெயர் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மகன் தேறிவிட்டான். ஆட்டோ பே இன்னும் ஓடுகிறது. நான் தினமும் மதியம் கூப்பிட்டு, "சாப்ட்டியாடா?" என்று கேட்டு வைத்துவிடுகிறேன். நேற்று கொஞ்சம் தாமதமானது. அவனே கூப்பிட்டான்.

"இன்னாப்பா, இன்னிக்கு கேக்கவே இல்ல?"